தேய்ந்த பேரிங்கும் ஏலமலைச் சரிவும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாசமும் கருகிய ஆயில் வாசமும் ஒரே தெருவில் குடியிருக்கும். காயைச் சலித்துத் தரம் பிரிக்கிற கூடத்துக்கு நாலு கடை தள்ளி ஒரு லேத் பட்டறை இருக்கும். அங்கே மூலையில் கிடக்கிற தகரப் பெட்டியிலிருந்து தேய்ந்த ஷெல் பேரிங் ஒன்றைக் கையில் எடுத்தால் போதும், மலைக்கு மிஷின் ஏறிய காலம் முழுக்க நினைவில் வந்து நிற்கும். அரைவட்டமாக வளைந்த சிறு தகடுதான் அது. முதுகு எஃகு, உள்பக்கம் சாம்பல் நிறத்தில் மென்மையான உலோகப் பூச்சு, நடுவில் ஆயில் வருவதற்கு ஒரு துளை. சாம்பல் நிறம் அழிந்து அடியிலுள்ள செம்பு தெரிய ஆரம்பித்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. அதை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இப்போதெல்லாம் பேரிங்கோடும் கனெக்டிங் ராடோடும் சேர்த்து மிஷினையே எறிந்துவிடும் பழக்கம் மலையில் வந்துவிட்டது. இது தவறு என்பதுதான் என் கட்சி. சிக்கனம் கருதி மட்டும் இதைச் சொல்லவில்லை. மிஷினைப் பிரித்து ராடையும் பேரிங்கையும் மாற்றுகிறபோதுதான் அது ஏன் கெட்டது என்று தெரிகிறது. பிரிக்காமல் புதியது வாங்கினால் கெட்ட காரணம் அப்படியே தோட்டத்தில் தங்கிவிடுகிறது.

ஏலத் தோட்டத்துக்கு இத்தனை மிஷின் எதற்கு என்று கேட்கிற தலைமுறை ஒன்று இன்னும் இருக்கிறது. அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு. ஒரு காலத்தில் ஏலம் சோலை நிழலில் மழையை நம்பி வளர்ந்த பயிர். நட்டால் தானாக வரும், களை எடுத்தால் போதும் என்ற நிலை. மருந்தடிக்க வேண்டுமென்றால் ராக்கர் பம்புதான். ஒருவர் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்ட, இன்னொருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு தட்டைகளுக்கு நடுவே நடப்பார். கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி ரகம் பரவியபோது கணக்கு மாறியது. விளைச்சல் பல மடங்கு ஏறியது. கூடவே தண்ணீரும் உரமும் மருந்தும் ஏறின. இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் வருஷத்தில் பல சுற்று மருந்து, தென்மேற்குப் பருவமழையில் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை. ராக்கர் பம்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. இன்ஜின் வைத்த ஸ்பிரேயர் வந்தது. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று எந்தத் தோட்டப் பக்கம் போனாலும் காலையில் அந்தச் சத்தம் கேட்காத நாள் குறைவு என்றாகிவிட்டது.

அந்த ஸ்பிரேயரின் உள்ளே இருப்பதைப் பார்த்தால் விஷயம் எளிது. இன்ஜினிலிருந்து வி-பெல்ட் பம்பின் புல்லியைச் சுற்றுகிறது. பம்புக்குள் ஒரு கிராங்க், அதில் மூன்று கனெக்டிங் ராடு, ஒவ்வொரு ராடின் நுனியிலும் ஒரு பிஸ்டன். மூன்றும் முறைவைத்துத் தள்ளுவதால் ஹோஸில் மருந்து துடிக்காமல் சீராகப் போகிறது. இன்ஜினுக்குள்ளும் இதே ஏற்பாடுதான், திசை மட்டும் எதிர். அங்கே பிஸ்டன் கிராங்கைச் சுற்றவைக்கிறது, இங்கே கிராங்க் பிஸ்டனைத் தள்ளுகிறது. உலகமெங்கும் மண்ணோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டும் மிஷின்கள் பலவற்றில் இதே எலும்புக்கூடுதான். கோல்ஃப் மைதானப் புல்தரையில் காற்றோட்டத்துக்காக ஊசி இறக்கித் துளை போடுகிற மிஷின் ஒன்று உண்டு. அதிலும் ஊசிகளை ஏற்றி இறக்குவது கிராங்கும் ராடும்தான். அங்கேயும் ராடின் பேரிங் தேயத்தான் செய்யும். சுற்றுவதை முன்பின் அசைவாக மாற்றுகிற இடத்தில் அடி விழாமல் இருக்காது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு மணி நேரத்துக்கு 1,80,000 சுற்று ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் இருமுறை நின்று திரும்புகிறது. அவ்வளவு அடியையும் வாங்குவது ராடுக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலம். அதற்கு இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்தப் படலம் இருக்கிறவரை உலோகத்தோடு உலோகம் உரசாது. படலம் அறுந்தால் பேரிங் பாழாக அதிக நேரம் வேண்டாம்.

படலம் ஏன் அறுகிறது என்பதில்தான் ஏலமலை மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகிறது. சின்ன இன்ஜின்களில் பலவற்றுக்கு ஆயில் பம்பு கிடையாது. ராடின் அடிமூடியில் ஒரு சிறு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அது ஒவ்வொரு சுற்றிலும் அடியில் தேங்கிய ஆயிலைத் தட்டிச் சிதறடிக்கும். அந்தச் சிதறல்தான் பேரிங்குக்கும் சிலிண்டருக்கும் உயிர். சமதரையில் இது அருமையான ஏற்பாடு. சரிவில் இன்ஜினைச் சாய்த்து வைத்தால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். நாக்கு காற்றைத் தட்டும். இன்ஜின் வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் ஓடும், சத்தம்கூட மாறாது. கொஞ்ச நேரத்தில் ராடு கிராங்கைக் கவ்விப் பிடித்து, முறிந்து, இன்ஜினின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இந்த ரக இன்ஜின்களைச் செய்கிறவர்கள் 20 டிகிரிக்கு மேல் சாய்க்காதே என்று கையேட்டில் எழுதுகிறார்கள். ஏலத் தோட்டச் சரிவு அதைவிடச் செங்குத்தாக இருக்கும் இடங்கள் ஏராளம். அதனால்தான் பழைய கைகள் மிஷினை இறக்கியதும் முதலில் மண்ணைக் கொத்தி, கல் அடுக்கி, மேடை கட்டிவிட்டுத்தான் கயிற்றை இழுத்தார்கள். இன்று அந்த மேடை கட்டும் நேரத்தை மிச்சப்படுத்துகிறோம். அந்த மிச்சத்துக்கு ஒரு ராடு விலை போகிறது.

சரிவு ஒரு காரணம் என்றால் ஆயில் கெடுவது இன்னொன்று. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய இன்ஜின்கள் மலையில் நிறைய இருந்தன. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ஆயில் குறையாமல் கூடிக்கொண்டே போகும். அளவுகம்பியைப் பார்த்து ஆயில் நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. இருந்தது ஆயில் அல்ல, நீர்த்துப்போன கலவை. அதில் படலம் நிற்காது. நிறுத்துவதற்கு முன் சிறிது நேரம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுவது, ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றுவது என்ற இரண்டும் அன்று வழக்கமாக இருந்தன. ரேஷன் மண்ணெண்ணெய் அருகிப் போனபின் அந்த வழக்கமும் போயிற்று, ஆயில் மாற்றும் கண்டிப்பும் அதோடு சேர்ந்து போயிற்று. பம்பின் பக்கம் வேறொரு கேடு. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்று கரைக்கும் போர்டோ கலவையைச் சரியாக வடிகட்டாவிட்டால் சுண்ணாம்பு மணல் பிஸ்டனையும் சீலையும் அரிக்கும். சீல் போனால் தண்ணீர் கிராங்க் பெட்டிக்குள் இறங்கும். ஆயில் கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே பால் அதிகம் விட்ட காப்பி நிறம் தெரியும். அந்த நிறத்தைக் கண்டபிறகும் அன்றைய மருந்தை அடித்து முடித்துவிடலாம் என்று ஓட்டுகிறவர் மூன்று ராடுக்கும் பேரிங்குக்கும் நாள் குறிக்கிறார்.

பிரித்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் இதில்தான் நிற்கிறது. கழற்றிய பேரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதன் முகத்தில் எழுதியிருக்கும். சுற்றுவட்டத்தில் நீளமாகக் கீறல்கள் ஓடினால் ஆயிலில் மண் கலந்திருந்தது, காற்று வடிகட்டியையும் ஆயில் ஊற்றிய பாத்திரத்தையும் பார்க்க வேண்டும். கறுத்து நீலம் பாய்ந்து உலோகம் இழுபட்டிருந்தால் ஆயில் வராமல் காய்ந்திருக்கிறது, மிஷின் சாய்ந்து ஓடியிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் பளபளத்து மறு ஓரம் தொடப்படாமல் இருந்தால் ராடே வளைந்திருக்கிறது. அந்த ராடில் புதுப் பேரிங் போட்டால் அதுவும் அதே ஓரத்தில்தான் தேயும். பூச்சு சிறு சிறு சில்லாகப் பெயர்ந்திருந்தால் பாரம் தாங்காமல் களைத்திருக்கிறது. துருப்புள்ளி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இவை ஐந்துக்கும் மருந்து வேறுவேறு. ஐந்துக்கும் பொதுவான மருந்தாகப் புது மிஷின் வாங்குகிறவர் உண்மையில் எதற்கும் மருந்து செய்யவில்லை. சாய்த்து வைத்து ஓட்டிய அதே பாறை மேல் புது மிஷினும் போய் உட்காரும். அதற்கும் அதே கதிதான்.

நல்ல பட்டறை என்பது இதையெல்லாம் தொழிலாகவே கொண்டிருந்தது. அந்தக் காலத்து நடைமுறை பலருக்கு நினைவிருக்கும். கோடையில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும் வேலை முடியும் நேரத்தில், தென்மேற்கு மழை இறங்குவதற்கு முன், ஸ்பிரேயர்களும் இன்ஜின்களும் ஜீப் கூரையில் கட்டப்பட்டு மலையடிவாரத்து முந்தல் வழியாகப் போடிக்கு இறங்கி வரும். கெட்டதா கெடாததா என்ற கேள்வியே கிடையாது, வருஷம் ஒருமுறை பிரித்துப் பார்த்தாக வேண்டும். அதற்கும் முந்திய தலைமுறையில் ஷெல் பேரிங் என்ற சௌகரியம்கூட இல்லை. வெள்ளீயக் கலவையை உருக்கி ராடின் வாயிலேயே ஊற்றி, லேத்தில் கடைந்து, கிராங்கில் நீலச் சாயம் தடவிப் பொருத்திப் பார்த்து, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்கிராப்பரால் சுரண்டி, திரும்பத் திரும்ப அதையே செய்வார்கள். ஒரு ராடுக்கு ஒரு நாள் போகும். அமெரிக்காவில் ஐசக் பாபிட் 1839-இல் கண்டுபிடித்த கலவை அது. ஷெல் வந்தபின் சுரண்டும் வேலை போயிற்று, அளக்கும் வேலை மட்டும் நிலைத்தது. கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்து, முட்டை வடிவம் எடுத்திருந்தால் கால் மில்லிமீட்டர் சாணை பிடித்து, அதற்குப் பொருத்தமான பேரிங்கை வாங்கிப் போட வேண்டும். கால், அரை, முக்கால், ஒன்று என்று நாலு படி இறங்கலாம். அதாவது ஒரு கிராங்க் ஐந்து ஆயுள் வாழ முடியும். அலுமினிய ராடு போட்ட சின்ன இன்ஜின்களில் ஷெல் இல்லை, ராடே பேரிங். அங்கே ராடைத்தான் மாற்ற வேண்டும். கிராங்கில் ஒட்டிய அலுமினியத்தைச் சுத்தமாக எடுத்தபின் மாட்ட வேண்டும்.

வேலையில் கறாராக இருக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. அவற்றைச் சொல்லாமல் பழுதுபார்ப்பைப் புகழ்வது நேர்மையாகாது. ராடும் அதன் அடிமூடியும் ஒன்றாகச் சேர்த்துக் கடைந்தவை. ஒன்றின் மூடியை இன்னொன்றுக்கு மாட்டக் கூடாது. இரண்டிலும் ஒரே எண் அல்லது ஒரே குறி குத்தியிருக்கும், இரு குறியும் ஒரே பக்கம் வர வேண்டும். போல்ட்டைக் கை வலுவுக்கு இறுக்கக் கூடாது, அளவு காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும், பழைய போல்ட்டை மறுபடி போடாமல் இருப்பது நல்லது. மூன்று ராடு உள்ள பம்பில் ஒன்று போனால் மற்ற இரண்டையும் எடை பார்க்க வேண்டும். மாட்டியபின் கையால் சுற்றிப் பார்த்து, சுகமாகச் சுற்றினால்தான் மூட வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்ட பழுதுபார்ப்பு ஒரு வாரத்தில் திரும்பி வரும். ரிப்பேர் பண்ணின இன்ஜின் நிலைக்காது என்ற பேச்சு இப்படிப்பட்ட வேலைகளால்தான் பிறந்தது. தையல் பிரிந்த சட்டைக்குத் துணியைக் குறை சொல்ல முடியாது. அரைகுறை வேலைக்குத் தீர்வு முழு வேலை.

இதே நியாயம் ஜீப்புக்கும் பொருந்தும். போடி, தேவாரம், கோம்பைப் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் தூக்குவாளியோடு கிளம்பிக் காய் எடுக்கப் போவது ஜீப்பில்தான். மஹிந்திரா ஜீப்பில் பியூஜோ டீசல் இன்ஜின் வந்த பிறகு மெட்டு ஏறுவது எளிதானது. முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. வளைவில் கியரைக் குறைக்காமல், இன்ஜின் திணறத் திணற ஏற்றினால் பேரிங்குக்கு இரட்டைத் தண்டனை. சுற்று குறைந்ததால் ஆயில் அழுத்தம் இறங்குகிறது, பாரம் கூடியதால் ராடின் மேல் அடி ஏறுகிறது. ராடு தட்டும் சத்தத்தை வைத்தே ஓட்டுகிறவரின் குணத்தைச் சொல்லிவிடலாம். ஆள்பாரம் மிதமிஞ்சி ஏற்றுவதற்கு நான் பரிந்து பேசவில்லை. அதில் முதலில் போவது பேரிங் என்றாலும் அடுத்துப் போவது உயிர். அந்தக் கணக்கை எந்தப் பட்டறையும் சரிசெய்ய முடியாது.

மறுப்புகளுக்கு வருகிறேன். பட்டறைக் கூலியும் உதிரிப்பாகமும் சேர்ந்தால் மலிவான புது இன்ஜின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறதே என்பது முதல் கேள்வி. உண்மைதான், பல சமயம் வருகிறது. ஆனால் ஒப்பிட வேண்டியது இரண்டு ரசீதுகளை அல்ல, இரண்டு மிஷின்கள் எத்தனை பருவம் ஓடுகின்றன என்பதை. மலிவு இன்ஜின்கள் பலவற்றுக்கு ராடும் பேரிங்கும் தனியாகக் கிடைப்பதில்லை, கிராங்கைச் சாணை பிடித்தாலும் அந்த அளவுக்குப் பேரிங் வராது. வாங்கும்போதே ஓராயுளோடு வாங்குகிறோம். மழைக்காலத்தில் அழுகல் ஏறும் நேரத்தில் மிஷின் நின்றால் போகும் காயின் மதிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புது மிஷினும் அதே வாரத்தில் நிற்கலாம், காரணம் மாறவில்லையே. காலம் மாறிவிட்டது, மோட்டார் பம்பு வரப்போகிறது, இன்னும் ராடைப் பற்றி என்ன பேச்சு என்பது அடுத்த கேள்வி. மோட்டார் வரட்டும், வரவேற்கிறேன். புகை குறையும், மண்ணெண்ணெய்ச் சங்கடம் இல்லை. ஆனால் மோட்டார் இன்ஜினுக்குத்தான் மாற்று. மருந்தை முந்நூறு அடி மேலே தள்ளும் பிஸ்டன் பம்பில் அந்த மூன்று ராடும் அப்படியே இருக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் அப்படியே கசியும்.

பையன்கள் இந்த வேலைக்கு வருவதில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. கறை படிந்த வேலை, கூலி குறைவு, மரியாதையும் குறைவு. இதற்கு என்னிடம் எளிய பதில் இல்லை, ஆனால் பதில் இருக்கும் திசை தெரிகிறது. பிரித்துப் பார்க்கும் வேலைக்குத் தனிக் கூலி கொடுக்கும் வழக்கம் வர வேண்டும். இன்று பாகம் மாற்றினால்தான் காசு, காரணம் கண்டுபிடித்தால் காசில்லை. மாற்றிக்கொண்டே இருக்கத்தான் இந்த முறை தூண்டும். இந்த மலைக்கு மிஷின் புதிதல்ல என்பதையும் மறக்கக் கூடாது. மூணாறு தேயிலைக்காக 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டி ஓடியது, 1908-இல் அது நீராவி ரயிலானது, டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிப்பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின, அங்கிருந்து போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போகும்வரை அந்த இயந்திரங்களுக்கும் ராடும் பேரிங்கும் அந்த உயரத்திலேயே மாற்றப்பட்டிருக்க வேண்டும். இறக்கிக் கொண்டுவர வேறு பாதை ஏது? இயந்திரத்தை இயங்க வைக்கும் கைத்திறனும் இந்த மலையின் விளைச்சலில் ஒன்றுதான்.

அரசாங்கமும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு சட்டகம் அமைக்க ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாய இயந்திரங்களுக்கென்றே சட்டம் இயற்றி, பாகங்களையும் கையேடுகளையும் விவசாயிக்குக் கொடுத்தாக வேண்டும் என்றது. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் சில உண்டு. மிஷின் விற்கும் கடைக்காரர்கள் அந்த மாடலுக்கான ராடு, பேரிங், ஆயில் சீல் மூன்றையும் தனித்தனியாகப் போடியிலேயே இருப்பு வைக்கட்டும். வைக்காத மாடலை வாங்காதீர்கள். போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பட்டறைகளின் தகரப் பெட்டிகளில் கிடக்கும் தேய்ந்த பேரிங்குகளை அதன் இயந்திரவியல் மாணவர்கள் வாங்கிப் போய், எது எதனால் தேய்ந்தது என்று பிரித்துப் பட்டியலிட்டுத் தோட்டக்காரர்களுக்குச் சொன்னால் அது இந்த ஊருக்கு நேரடியாக உதவும் படிப்பாக இருக்கும். தோட்டக்காரர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: மழை இறங்குமுன் மிஷினை ஒருமுறை பட்டறைக்கு அனுப்புங்கள், கழற்றிய பேரிங்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், மேலே கொண்டுபோய் வைக்கும்போது அடியில் கல் அடுக்கிச் சமப்படுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.